அக்கிலீஸும் அகமெம்னானும் உண்மையிலேயே வாழ்ந்தவர்களா?

கேள்வி: மார்ச் 4, காலை 10.15

கிரேக்கக் கதைகளில் வரும் அக்கிலீஸ், அகமெம்னான், ஹெக்டர், தீசியஸ், ஹெராக்ளீஸ் இவர்களெல்லாம் நிஜ மனிதர்கள்தானே? டிராயைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். அகமெம்னானின் தங்க முகமூடியே கிடைத்திருக்கிறது. ஊர் நிஜம் என்றால் ஆள் மட்டும் எப்படிப் பொய்யாவான்? விவரம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 11.20

ஊர் நிஜம், அதனால் ஆளும் நிஜம். இதே கணக்கை நானும் ரொம்ப நாள் போட்டுக்கொண்டிருந்தேன், தம்பி. 1999இல் ஒரு சரக்குக் கப்பலில் நாலாவது இன்ஜினியராக இருந்தேன். டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைய வரிசை. போஸ்ஜாடா தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு மூன்று நாள் கிடந்தோம். அந்தத் தீவின் பழைய பெயர் டெனடோஸ். மரக்குதிரையைக் கரையில் விட்டுவிட்டுக் கிரேக்கர்கள் கப்பல்களோடு ஒளிந்துகொண்டதாகக் கதை சொல்கிறதே, அதே தீவு. வாட்ச் முடிந்து மேலே வந்தால் கிழக்கே துருக்கிக் கரை தெரியும். அதற்குள்தான் டிராய் என்று செகண்ட் ஆபீசர் சார்ட்டில் விரல் வைத்துக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்கு யாராவது அக்கிலீஸ் கற்பனை என்று சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

சில வருடம் கழித்து வேறொரு கப்பல் பிரேயஸ் பக்கம் ரிப்பேருக்கு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் மியூசியத்துக்குப் போய் அந்த முகமூடியைப் பார்த்தேன். மூடிய கண், மீசை, தாடி, மெல்லிய தங்கத் தகடு. 1876இல், அகமெம்னானின் தலைநகர் என்று கதை சொல்லும் மைசீனியில் ஷ்லீமன் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்து, "அகமெம்னானின் முகத்தைப் பார்த்துவிட்டேன்" என்று தந்தி அடித்தாரே, அதுதான். பக்கத்துப் பலகையைப் படித்தேன்: கி.மு. 16ஆம் நூற்றாண்டு. அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். அகமெம்னான் கிரேக்கப் படையை நடத்தியதாகச் சொல்லும் டிராய்ப் போருக்குக் கிரேக்கர்களே சொன்ன தேதி என்ன? வரலாற்றாசிரியர் ஹெரடோடஸ் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய கி.மு. 1250. எரடோஸ்தனீஸ் என்ற அறிஞர் கணக்கில் டிராய் விழுந்தது கி.மு. 1184. அப்படியானால் அந்த முகமூடிக்காரர் போருக்கு முந்நூறு வருடம் முன்பே செத்துப்போனவர். அவர் பெரிய ராஜாதான், சந்தேகமில்லை. ஆனால் அகமெம்னான் இல்லை.

டிராயில் 1873இல் கிடைத்த "பிரியாமின் புதையல்" கதை இதைவிட மோசம். பிரியாம் என்றால் கதையில் வரும் டிராய் ராஜா. அந்த நகைகள் இருந்த மண்ணடுக்கு போருக்கு ஆயிரம் வருடத்துக்கும் முந்தையது. டிராய் இருந்த ஹிசார்லிக் மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது டிராய்கள் கிடக்கின்றன. ஷ்லீமன் அவசரத்தில் மேலிருந்து நேராகக் கீழே வெட்டிக்கொண்டே போனார். போரைப் பாடிய கவிஞர் ஹோமரின் டிராயாக இருக்க வாய்ப்புள்ள அடுக்குகளையே வழியில் வெட்டி வீசிவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மார்ச் 5, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்தத் தந்தி வாசகம் பிற்பாடு உலகம் கட்டிவிட்டது. ஷ்லீமன் உண்மையில் அனுப்பிய தந்தியில், இறந்தவரின் தோற்றம் தன் மனதில் நெடுநாளாக இருந்த அகமெம்னானின் உருவத்தை ஒத்திருக்கிறது என்ற அளவில்தான் இருந்தது. அதுவும் வேறொரு உடலைப் பற்றி. நாம் படத்தில் பார்க்கும் முகமூடி அந்த உடலின் மீது இருந்ததில்லை. நூற்றைம்பது வருடத்துக்குள், அச்சும் தந்தியும் இருந்த காலத்தில், ஒரு வாக்கியம் இப்படி மாறியிருக்கிறது. போருக்கும் ஹோமருக்கும் நடுவில் எழுத்தே இல்லாத நானூறு வருடத்தில் ஒரு ராஜாவின் கதை என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று பல் விளக்கும்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, இரவு 10.05

முகமூடி போகட்டும், பெயருக்கு வருவோம். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் லீனியர் பி என்ற பழைய எழுத்தைப் படித்துக் காட்டினார். கிரேக்கத்தின் பைலோஸ், கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனைகளின் களிமண் பலகைகள் அந்த எழுத்தில்தான் இருந்தன. எல்லோரும் வேறு ஏதோ மொழி என்று நினைத்திருக்க, அது கிரேக்கமாகவே இருந்தது. ஹோமருக்கு ஐந்நூறு வருடம் முந்தைய கிரேக்கம்! அந்தப் பலகைகளைச் சுட்டுப் பாதுகாக்கவில்லை. பச்சை மண்ணில் கீறி வைத்தவை. அரண்மனை பற்றி எரிந்தபோது அந்தத் தீயில் வெந்து செங்கல்லாகி நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அதில் காவியம் கிடையாது. வெறும் பற்றுவரவு. எத்தனை ஆடு, எவ்வளவு எண்ணெய், யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எந்தத் தேருக்குச் சக்கரம் உடைந்திருக்கிறது. அந்தக் கணக்குக்குள் பெயர்கள் வருகின்றன. அகிரேஉ என்று ஒருவர், அதாவது அக்கிலீஸ், நோசோஸிலும் உண்டு, பைலோஸிலும் உண்டு. பைலோஸ்காரர் தானியம் பெற்றவர்கள் பட்டியலில் வருகிறார். எகோதோ என்று ஹெக்டர் இருக்கிறார். தெசேஉ என்று ஒரு தீசியஸ் இருக்கிறார். "கடவுளின் ஊழியன்" என்று குறிப்பு, கொஞ்சம் நிலத்தை அனுபவித்தவர்.

முதல்முறை இதைப் படித்தபோது எஞ்சின் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது. சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ஆளு சண்டைக்காரர் இல்லியா, ரேஷன் வாங்குனவரா?" என்றார். சரியான இடத்தில் கை வைத்தார் அவர். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மார்ச் 10, மதியம் 1.30

"அப்போ அக்கிலீஸ் நிஜம்தானே அண்ணா, எழுத்திலேயே இருக்கிறதே" என்று தம்பி கேட்டிருக்கிறார். இல்லை. அக்கிலீஸ் என்ற பெயர் நிஜம். ஊரில் அந்தப் பெயரோடு ஆட்கள் நடமாடினார்கள். அவ்வளவுதான் பலகை சொல்கிறது. இதிலிருந்து இரண்டு பக்கமும் வாதம் செய்யலாம். அக்கிலீஸ் கதை அப்போதே புகழ்பெற்றிருந்ததால் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். இல்லை, அது சாதாரணப் பெயர், பிற்காலப் பாடகன் தன் நாயகனுக்கு அதை எடுத்துக்கொண்டான் என்று இன்னொருவர் சொல்லலாம். நான் முதல் கட்சியில் இருந்தேன். இப்போது இரண்டாவதன் பக்கம் சாய்ந்திருக்கிறேன். காரணம், அந்தப் பெயர்களுக்குரியவர்கள் எல்லோரும் சாதாரண ஜனங்கள்.

மாட்டுப் பெயர்களைச் சொல்ல மறந்துவிட்டேன். நோசோஸ் பலகைகளில் உழவு மாட்டு ஜோடிகளைப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள். கெலைனோஸ் என்றால் காரி. ஸ்டோமார்கோஸ் என்றால் வெள்ளைவாயன். பொதார்கோஸ் என்றால் வெள்ளைக்காலன். ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய் இளவரசன் ஹெக்டரின் குதிரை ஒன்றுக்கும் பொதார்கோஸ்தான் பெயர். அகமெம்னானின் தம்பி மெனலாஸ் குதிரைக்கும் அதே. மூவாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் உழுத ஒரு மாட்டின் பெயர் நமக்குத் தெரிகிறது! எனக்கு முகமூடியைவிட இது பெரிதாகப் படுகிறது.

மார்ச் 17, இரவு 12.10

இன்று லீவு. ஹிட்டைட் விஷயத்தை உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி உண்டென்றால் அது இதுதான்.

துருக்கியின் நடுவில் போகஸ்கோய் என்ற இடத்தில் 1906இல் ஹூகோ விங்க்ளர் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகள் கிடைத்தன. அது ஹிட்டைட் பேரரசின் தலைநகரம் ஹட்டுசா. அவர்கள் மேற்கே இருந்த நாடுகளோடு போட்ட ஒப்பந்தங்களும் கடிதங்களும் அதில் இருக்கின்றன. 1924இல் எமில் ஃபோரர் என்பவர், இதில் வரும் அஹியாவா என்ற நாடு ஹோமர் சொல்லும் அகாயர்கள், அதாவது கிரேக்கர்கள்தான் என்றார். பெரிய எதிர்ப்பு. பல பத்தாண்டுகள் அடிதடி. இன்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள்.

விலுசா என்று இன்னொரு நாடு. டிராய்க்குக் கிரேக்கத்தில் இலியோஸ் என்றும் பெயர். அதன் முன்னால் ஒரு காலத்தில் 'வ' ஒலி இருந்து உதிர்ந்துபோனது. ஹோமரின் யாப்பிலேயே அந்த இடம் காலியாகத் தெரிகிறது. விலியோஸ் என்று சொன்னால்தான் அடி சரியாக நிற்கிறது. விலியோஸ், விலுசா. 1998இல் டேவிட் ஹாக்கின்ஸ் மேற்குத் துருக்கியின் கரபேல் கணவாய்ப் பாறைச் சிற்பத்தின் எழுத்தைப் படித்து மீரா நாட்டு ராஜா தர்கஸ்னாவாவின் பெயரைக் கண்டார். அதோடு அந்தப் பக்கத்து வரைபடமே ஒழுங்காகி, விலுசாவுக்கு வடமேற்கு மூலைதான் மிச்சம் என்றானது. டிராய் இருக்கும் மூலை.

அந்த விலுசாவின் ராஜாவோடு ஹிட்டைட் பேரரசர் இரண்டாம் முவதல்லி ஏறக்குறைய கி.மு. 1280இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார். ராஜாவின் பெயர் அலக்சந்து. இலியட்டில் ஹெலனைத் தூக்கிக்கொண்டு வந்த பாரிஸுக்கு இன்னொரு பெயர் அலெக்சாண்ட்ரோஸ்! அதே ஒப்பந்தத்தில் சாட்சிக்கு அழைத்த விலுசாவின் தெய்வங்களில் அப்பலியுனா என்று ஒரு பெயர் இருக்கிறது. டிராய்க்காரர்கள் பக்கம் நின்று சண்டை போட்ட அப்பல்லோவை நினைக்காமல் இருக்க முடியுமா?

அடுத்து ஒரு கடிதம். கி.மு. 1250 வாக்கில் ஹிட்டைட் பேரரசர் அஹியாவா ராஜாவுக்கு எழுதியது. "என் சகோதரரே" என்று விளித்து எழுதுகிறார். முன்பு விலுசா விஷயத்தில் நமக்குள் பகை இருந்தது, இப்போது தீர்ந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அஹியாவா ராஜாவின் சகோதரர் தவகலவா என்பவரும் அதில் வருகிறார். தவகலவா என்றால் எதெவோக்ளெவெஸ், பிற்காலத்தில் எட்டியோக்ளீஸ். சுத்தமான கிரேக்கப் பெயர். நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நிஜமான கிரேக்க இளவரசர் இவர் என்று தைரியமாகச் சொல்வேன்.

அதற்கும் முன்னால், கி.மு. 1400 வாக்கில், நூறு தேர்களோடு வந்து ஹிட்டைட் படையோடு மோதிய அத்தரிசியா என்ற "அஹியா ஆள்" ஒருவர் இருக்கிறார். அகமெம்னானின் அப்பா ஆட்ரியஸ் இவரேதான். அந்தப் போரின் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: அந்தப் பக்கம் ஒரு அதிகாரி செத்தார், நம் பக்கம் ஒரு அதிகாரி செத்தார். அதோடு விலகிப் போய்விட்டார்கள். இலியட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் சாகிறார்கள்.

மார்ச் 18, காலை 7.15

தூங்கி எழுந்து படித்தால் ஒரு வரி உறுத்துகிறது. "ஆட்ரியஸ் இவரேதான்" என்று எழுதிவிட்டேன். அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒலி கொஞ்சம் கிட்டே வருகிறது, அவ்வளவே. காலம் ஒத்துவரவில்லை, போர் கி.மு. 1250 என்றால் அதில் படை நடத்தியவரின் அப்பா 1400இல் தேர் ஓட்ட முடியாது. அந்த வரியை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அலக்சந்து பற்றியும் நிதானமாகப் பார்த்தால், அவர் ராஜா, பாரிஸ் இளவரசன். அலக்சந்து ஹிட்டைட் ராஜாவின் நண்பர், ஒப்பந்தத்தில் ஹெலனும் இல்லை, கிரேக்கப் படையும் இல்லை. டிராய் ராஜகுடும்பத்தில் ஒருவருக்குக் கிரேக்கப் பெயர் இருந்திருக்கிறது, அந்தப் பெயர் பாட்டில் தங்கிவிட்டது. இதற்குமேல் என்னால் போக முடியவில்லை.

ஏப்ரல் 2, மாலை 5.40

"கிரேக்கர்களே என்ன நினைத்தார்கள்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நம்பினார்கள். சந்தேகப்பட்டவர்களும் நம்பிக்கொண்டேதான் சந்தேகப்பட்டார்கள். வரலாறு எழுதிய துசிடிடீஸ் எவ்வளவு கறாரான ஆள்! அவரே அகமெம்னானை நிஜ ராஜாவாக வைத்துக்கொண்டு, 1200 கப்பல், பெரிய கப்பலுக்கு 120 பேர், சின்னக் கப்பலுக்கு 50 பேர், சராசரி போட்டால் படை அவ்வளவு பெரிதில்லையே என்று கணக்குப் பார்க்கிறார். கவிஞர் மிகைப்படுத்தியிருக்கலாம் என்கிறாரே தவிர, ஆளே இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை.

எலும்பும் தேடினார்கள். ஸ்பார்ட்டாவுக்கு டெஜியா என்ற ஊரை ஜெயிக்க முடியவில்லை. அகமெம்னானின் மகன் ஓரெஸ்டீஸின் எலும்பைக் கொண்டுவந்தால் ஜெயிக்கலாம் என்று குறி சொன்னது. லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரர் டெஜியாவில் ஒரு கொல்லன் பட்டறைக்குப் போக, கிணறு தோண்டும்போது ஏழு முழச் சவப்பெட்டி கிடைத்த கதையைக் கொல்லன் சொல்கிறான். ஏழு முழம் என்றால் பத்தடி. எலும்பைத் திருடிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஏதென்ஸ்காரர்களும் விடவில்லை, கி.மு. 475 வாக்கில் அவர்கள் தளபதி கிமோன் ஸ்கிரோஸ் தீவைப் பிடித்து, தங்கள் ஊர் நாயகன் தீசியஸின் எலும்பு என்று ஒரு பெரிய எலும்புக்கூட்டை ஊருக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மண்ணில் யானை இனத்துப் புதைபடிவங்கள் நிறைய உண்டு. அந்த ராட்சத எலும்புகளில் சில அவையாக இருக்கும் என்பது இன்றைய ஒரு கருத்து. எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஹெகடேயஸ் என்ற கிரேக்க எழுத்தாளரின் கதை. அவர் எகிப்துக்குப் போய், என் வம்சம் பதினாறு தலைமுறைக்கு மேலே ஒரு தெய்வத்தில் போய் முடிகிறது என்றார். தீப்ஸ் கோயில் பூசாரிகள் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் வரிசையாக நிற்கும் 345 மரச்சிலைகளைக் காட்டினார்கள். அப்பா, பிள்ளை, பேரன் என்று 345 தலைமை பூசாரிகள். இதில் ஒருவரும் தெய்வத்துக்குப் பிறந்தவர் இல்லை, மனிதனுக்கு மனிதன்தான் பிறந்தான் என்றார்கள். ஹெரடோடஸ் சொல்லும் செய்தி இது.

ஏப்ரல் 3, காலை 9.00

ஹெராக்ளீஸை மறந்தே போனேன். அவரை இந்த வரிசையில் வைக்கக்கூடாது. அவரை எந்தப் போரோடும் ஒப்பந்தத்தோடும் கட்ட முடியாது. ஊர் ஊராகப் போய் மிருகங்களைக் கொல்லும் கதைகள், ஒவ்வொரு ஊரும் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. கிரேக்கத்தில் ஏது சிங்கம்? நெமியா சிங்கம் என்பது கிழக்கே மெசபடோமியாவிலிருந்து நடந்து வந்த கதைச் சிங்கம்.

ஏப்ரல் 3, இரவு 8.30

சிங்கத்தை வாபஸ் வாங்குகிறேன். ஹெரடோடஸ் எழுதியிருப்பதைத் திரும்பப் பார்த்தேன்: பாரசீக ராஜா செர்க்ஸீஸின் படை வடக்கு கிரேக்கம் வழியாக வந்தபோது இரவில் சிங்கங்கள் இறங்கி ஒட்டகங்களை அடித்திருக்கின்றன. வெண்கலக் காலச் சிங்க எலும்புகள் டிரின்ஸிலேயே கிடைத்திருக்கின்றன. டிரின்ஸ்தான் ஹெராக்ளீஸின் ஊராகக் கதை சொல்வது. அதற்காக அந்தச் சிங்கத்தைக் கொன்றவர் பெயர் ஹெராக்ளீஸ் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரோ ஒருவர் சிங்கத்தைக் கொன்றிருக்கிறார், நிச்சயமாக.

ஏப்ரல் 21, இரவு 11.45

"நானூறு வருடம் வாய்வழியாக வந்தால் எதுவுமே மிஞ்சாது, எல்லாம் புருடா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இலியட்டின் பத்தாவது பாகத்தில் ஓடிசியஸ் என்ற கிரேக்க வீரனுக்கு ஒரு தொப்பி கொடுக்கிறார்கள். தோல் தொப்பி, வெளியே காட்டுப்பன்றித் தந்தங்களை வரிசையாக வைத்துத் தைத்தது. ஹோமர் காலத்தில் அப்படி ஒன்று புழக்கத்தில் இல்லை. பிறகு மைசீனியக் கல்லறைகளில் அச்சு அசலாக அதுவே கிடைத்தது. பாடகர்கள் தங்கள் வாழ்நாளில் பார்க்காத ஒரு தலைக்கவசத்தைத் தையல்வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதே பாட்டில் இறந்தவர்களை எரிக்கிறார்கள். மைசீனிய ராஜாக்களைப் புதைத்தார்கள். பொருள் ஒரு காலம், பழக்கம் ஒரு காலம். எல்லாம் ஒரே பானையில் வெந்திருக்கிறது.

ஆட்களும் அப்படித்தான் ஆகியிருப்பார்கள். ஜெர்மானியக் கதைகளைப் பாருங்கள். கோத் ராஜா எர்மனரிக் கி.பி. 376இல் செத்தவர், ஹூண ராஜா அட்டிலா 453இல், இன்னொரு கோத் ராஜா தியோடரிக் பிறந்ததே அதற்குப் பிறகு. மூவரும் நிஜம். கதையில் மூவரும் ஒரே காலத்து ஆட்கள். எழுதிய வரலாறு தனியாக இருப்பதால் நமக்கு அது தெரிகிறது. டிராய் விஷயத்தில் அப்படிப் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை.

மே 6, மதியம் 3.20

2011இல் டிராய்க்குப் பக்கத்துச் சனக்கலேயில் வேலை முடிந்து கப்பலிலிருந்து சைன் ஆஃப் ஆனபோது ஒரு நாள் கையில் இருந்தது, ஹிசார்லிக்குக்குப் போனேன். இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை. சின்ன இடம். கோட்டையைச் சுற்றி வர அரை மணிகூட ஆகவில்லை. கடல் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. முன்பு வளைகுடாவாக இருந்த இடம் ஆற்று மண் படிந்து வயலாகிவிட்டது. வடக்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று நாள் நங்கூரத்தில் ஆடிய அதே காற்று. நீரிணையில் தண்ணீரும் எதிர்த்து வருகிறது. பாய்மரக் கப்பல் அதை மீறி உள்ளே போக முடியாது, காற்று மாறும்வரை கரையில் காத்துக்கிடக்க வேண்டும். 1988இலிருந்து அங்கே தோண்டிய மன்ஃப்ரெட் கோர்ஃப்மன், டிராய்க்குப் பணம் வந்த வழியே இந்தக் காத்திருப்புதான் என்றார். எஞ்சின் வைத்த கப்பலில் இருந்துகொண்டே நான் அதை நம்புகிறேன்.

அந்த மேட்டில் வெண்கலக் காலத்து எழுத்து என்று கிடைத்தது ஒரே ஒரு பொருள். 1995இல் எடுத்த சின்ன வெண்கல முத்திரை. அதில் அன்றைய துருக்கிப் பக்கத்து லூவிய எழுத்தில் ஒரு எழுத்தரின் பட்டம், மறுபக்கம் அவர் மனைவிக்கானது. ஹெக்டர் இல்லை, பிரியாம் இல்லை. ஒரு குமாஸ்தாவும் அவர் சம்சாரமும்.

மே 19, இரவு 10.30

"அண்ணா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், ஆமாவா இல்லையா?" என்று தம்பி மறுபடி கேட்கிறார்.

ஒரே வார்த்தை எல்லோருக்கும் பொருந்தாது. ஹெராக்ளீஸுக்கு இல்லை. தீசியஸுக்கு இல்லை. அகமெம்னான் போல மைசீனியில் ஒரு ராஜா இருந்தாரா என்றால் ஆமாம், பலர். அவர்களில் ஒருவருக்கு அந்தப் பெயர் இருந்ததா என்பதற்குக் கையில் ஒன்றுமில்லை. அலெக்சாண்ட்ரோஸ் என்ற பெயரில் டிராயில் ஒருவர் இருந்தார், ஆமாம். அக்கிலீஸ்? எனக்கு இதைச் சொல்ல மனசே வரவில்லை. ஆனால் அம்மா கடல் தேவதை, குதிரைகள் பேசும், இருபத்திநாலு பாகத்துக்கும் கோபம் தாங்கும் அந்த ஆளிடமிருந்து தேவதையையும் குதிரையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அக்கிலீஸாக இருக்காது. பைலோஸில் தானியம் வாங்கிய அகிரேஉவாகத்தான் இருப்பார்.

ஜூன் 1, காலை 6.20

ஒன்றை விட்டுவிட்டேன், லெஃப்கண்டி. கிரேக்கத்தின் யூபியா தீவிலுள்ள அந்த ஊரில் கி.மு. 950 வாக்கில் ஒருவரை எரித்து, சாம்பலைத் துணியில் சுற்றி, சைப்ரஸிலிருந்து வந்த பழைய வெண்கலக் குடத்தில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தங்க நகைகளோடு ஒரு பெண். அடுத்த குழியில் நான்கு குதிரைகள். மேலே ஐம்பது மீட்டர் நீளக் கட்டடம், பிறகு அதையே மூடிப் பெரிய மண்மேடு. இலியட்டில் தன் நண்பன் பேட்ரோக்ளஸுக்கு அக்கிலீஸ் செய்த ஈமச்சடங்கைப் பார்ப்பது போலவே இருக்கிறது, நான்கு குதிரை உட்பட. ஹோமருக்கு இருநூறு வருடம் முன்பு வாழ்ந்த ஒரு நிஜ வீரர். பெயர் மட்டும் இல்லை.

அதே லெஃப்கண்டிக் கல்லறைகளில் சுட்ட மண்ணில் செய்த ஒரு சென்டார் பொம்மையும் கிடைத்தது. மேலே மனிதன், கீழே குதிரை. கி.மு. 900 வாக்கில் செய்தது. தலை ஒரு கல்லறையில், உடல் இன்னொரு கல்லறையில். அதன் முன்னங்கால் முட்டிக்குக் கீழே ஒரு வெட்டுக் காயத்தை வேண்டுமென்றே கீறி வைத்திருக்கிறார்கள். அக்கிலீஸை வளர்த்த கைரோன் என்ற சென்டாருக்கு ஹெராக்ளீஸின் அம்பு முட்டியில் பட்டதாகக் கதை உண்டு. பொம்மை செய்தவருக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.